கூட்டலில் சேராத இருநூற்றைம்பது

பேருந்துப் பணிமனையில் அவளுக்கு ‘டோட்டல் மேடம்’ என்று பெயர். நூற்றுப் பதினெட்டுப் பேருந்துகளின் ஒவ்வொரு டயரும் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று எக்செல்லில் ஏற்றி, எதை எப்போது கழற்ற வேண்டும் என்று சொல்வது அவள் வேலை. மற்றப் பிரிவுகளில் யாருக்காவது கூட்டுத்தொகை உதைத்தால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவள் மேசைக்குத்தான் வருவார்கள். ஐந்து நிமிடத்தில் தப்பைப் பிடித்துவிடுவாள். பிடித்த கையோடு இரண்டு வார்த்தை திட்டியும் அனுப்புவாள்.

மாமனாருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்திக்கொண்டபோது, வீட்டிலும் ஒரு எக்செல் தாள் திறப்பது அவளுக்கு இயல்பாகவே தோன்றியது. மாமனார் முப்பத்தோரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். இப்போது திங்கள், புதன், வெள்ளி காலைகளில் மருத்துவமனை வேன் வந்து அவரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும். சிறுநீர் அநேகமாக நின்றுவிட்டதால் குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கும். ஆகவே ஒரு நாளைக்கு ஆயிரம் மில்லிக்கு மேல் எந்தத் திரவமும் உள்ளே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தண்ணீர், டீ, சூப், மாத்திரை விழுங்கக் குடிக்கும் ஒரு மடக்கு, எல்லாம் அதில் அடக்கம்.

தாள் அவள் போனிலும் கணவன் போனிலும் திறக்கும்படி இருந்தது. தேதி, காலை, குறிப்பு, மாலை, மொத்தம், மிச்சம் என்று பத்திகள். குறிப்பில் ‘கால் வீக்கம்’, ‘வாந்தி’ என்று எழுதுவார்கள். கணவன் காலையில் கொடுத்ததைப் போடுவான். அவள் வேலை முடிந்து ஆறு மணிக்கு வந்ததும் மிச்சம் என்ற கட்டத்தைப் பார்ப்பாள். அதில் எவ்வளவு இருக்கிறதோ அதற்குள் மாலை டீயும் தண்ணீரும் கொடுப்பாள். மொத்தம் ஆயிரத்தைத் தாண்டினால் கட்டம் சிவப்பாகும். ஐந்து மாதத்தில் அது இரண்டே முறைதான் சிவந்தது.

மருத்துவமனையில் ஊசி குத்துவதற்கு முன் எடை பார்ப்பார்கள். போன முறை இறங்கிய எடையிலிருந்து இப்போது எத்தனை கிலோ ஏறியிருக்கிறதோ அத்தனையும் தண்ணீர். மாமனாருக்கு ஒன்றரை கிலோவுக்குள் ஏறும். “உங்க வீட்டுக் கணக்கு பக்காங்க” என்று நர்ஸ் சொன்னதை அவர் வீட்டில் வந்து சொன்னார். மருமகள் அதைக் கேட்டுக்கொண்டே பாத்திரம் துலக்கினாள். ஆனால் அன்றைக்குத் துலக்கியதில் ஒரு வேகம் இருந்தது.

ஐந்தாவது மாதம் முடிகையில் கணவனுக்கு பெயின்ட் தொழிற்சாலையில் ஷிப்ட் மாறியது. அதுவரை இரண்டு மணிக்குத்தான் கிளம்புவான். இனி காலை எட்டு மணிக்கே கிளம்ப வேண்டும். மதியம் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கணவனின் அக்கா, நான்கு தெரு தள்ளி இருப்பவள், தானாகவே முன்வந்தாள். அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை கடை அடைப்பு.

“எங்கப்பாவுக்கு நான் சோறு போட மாட்டேனா? இதுக்குப் போயி ஆள் தேடுறீங்க” என்றாள் நாத்தனார்.

“சந்தோஷம் அண்ணி. ஆனா தண்ணி மட்டும் அளந்து குடுத்து, உடனே போன்ல போட்டுடணும்” என்றாள் இவள்.

தாளில் குறிப்புக்கும் மாலைக்கும் நடுவே ‘மதியம்’ என்று ஒரு புதுப் பத்தியைச் செருகி, நாத்தனாரின் போனிலும் தாளைத் திறந்து கொடுத்தாள். நாத்தனார் ஒழுங்காக எழுதினாள். இருநூற்றைம்பது. இருநூற்றைம்பது. எப்போதாவது இருநூறு.

முதல் வாரத்திலேயே எடை ஏறத் தொடங்கியது. ஒரு கிலோ எண்ணூறு. இரண்டு. இரண்டு முந்நூறு. மூன்றாவது வாரம் புதன்கிழமை, நான்கு மணி நேரத்துக்குள் அத்தனை தண்ணீரையும் இழுக்க வேண்டியிருந்ததால் அவருக்கு இரத்த அழுத்தம் சரிந்து, இரண்டு கெண்டைக்காலும் முறுக்கிக்கொண்டன. பக்கத்துப் படுக்கைக்காரர் பயந்துபோகும் அளவுக்குக் கத்தினார். அன்று மதியம் வேனிலிருந்து இறங்கும்போது டிரைவரின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார் என்று நாத்தனார் குறிப்பில் எழுதியிருந்தாள்.

மருமகள் தாளைப் பார்த்தாள். மொத்தம் 950. அதற்கு முந்தைய நாள் 950. அதற்கும் முன்னால் 900. ஒரு கட்டம்கூடச் சிவப்பில்லை. தாளில் இல்லாத தண்ணீர் எங்கிருந்தோ உள்ளே போகிறது. அவளுக்கு வேறு முடிவு தோன்றவில்லை.

“உங்க அக்கா வந்ததுக்கப்புறம்தான் இது ஆரம்பிச்சிருக்கு” என்றாள் கணவனிடம்.

“அவ எதுக்குக் குடுக்கப்போறா?”

“பாசம். அப்பா கேட்டா மனசு கேக்காது. குடுத்துட்டு எழுதாம விட்டுடுவாங்க.”

கணவன் சொல்லியிருக்க வேண்டியதை அவளே மறுநாள் நாத்தனாரிடம் சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். நாத்தனார் அப்போது தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள்.

“நான் திருட்டுத்தனமா தண்ணி குடுத்து எங்கப்பாவைச் சாகடிக்கிறேன்னு சொல்றியா?”

“அப்படிச் சொல்லல அண்ணி. ஆனா கணக்கு...”

“உன் கணக்கும் நீயும்” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனவள், அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

கணவன் உடன் வேலை செய்பவரிடம் கெஞ்சிப் பன்னிரண்டு நாளுக்கு ஷிப்டை மாற்றிக்கொண்டான். பழையபடி மதியம் வரை வீட்டில் இருந்தான். மதியம் கொடுப்பதையும் சேர்த்துப் பழக்கதோஷத்தில் காலைப் பத்தியிலேயே போட்டான். மதியம் என்ற பத்தி காலியாகக் கிடந்தது.

அந்தப் பன்னிரண்டு நாளும் எடை ஒன்றரையைத் தாண்டவில்லை.

“பாத்தீங்களா?” என்றாள் அவள். கணவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கைகழுவப் போனான்.

மாமனார் கட்டிலில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அடுத்த நாள் காலை, மகனும் மருமகளும் இருக்கும்போது கூப்பிட்டார்.

“அவமேல பழி போடாதீங்க. அவ தரல. நான்தான் பாத்ரூம் குழாய்ல குடிச்சேன்.”

மருமகள்தான் கேட்டாள்.

“அப்ப இந்தப் பன்னண்டு நாளா ஏன் மாமா குடிக்கல?”

“கால் முறுக்குச்சுல்ல. பயந்துட்டேன்.”

பதில் பொருத்தமாக இருந்தது. கணவன் அன்றே அக்கா வீட்டுக்குப் போய் அவளைச் சமாதானம் செய்து கூட்டிவந்தான். நாத்தனார் வந்தாள். அப்பாவிடம் பேசினாள். தம்பி மனைவியிடம் பேசவில்லை.

எடை மறுபடியும் ஏறியது. இரண்டு நூறு. இரண்டு நானூறு.

இந்த முறை யார் மேல் சந்தேகம் என்பதில் குழப்பமில்லை, அவரே ஒப்புக்கொண்டவர். மருமகள் குளியலறையிலிருந்த குவளையை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். வாஷ்பேசின் குழாயின் அடிவால்வை மூடினாள். அவர் உள்ளே போனால் கதவைத் தாழிடக் கூடாது என்றாள். ஆறடி உயரமான மனிதர், ஒரு கையால் கதவைத் தள்ளிப் பிடித்தபடி பல் துலக்கினார். துப்பும்போது வாய் கொப்பளித்த தண்ணீர் முழுதும் வெளியே வருகிறதா என்று மருமகள் பார்த்தாள். பார்க்கிறாள் என்பது அவருக்கும் தெரியும்.

“என்னைக்காவது முழுங்கிட்டா பில்லைப் போட்டுக்கோம்மா” என்றார் ஒருமுறை. அவள் சிரிக்கவில்லை. பிறகு அவரும் வேடிக்கையாகப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

டாக்டர் வீட்டு ஆள் யாராவது கணக்குத் தாளோடு வரவேண்டும் என்று சொல்லியனுப்பினார். வெள்ளிக்கிழமை அவள் விடுப்பு எடுத்தாள். நாற்பத்தெட்டு நாள் விவரத்தையும் அச்சிட்டு, பணிமனை வேலை பாக்கி இருந்ததால் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு மாமனாருடன் வேனில் ஏறினாள்.

டயாலிசிஸ் அறையில் ஒன்பது படுக்கைகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஆள் உயரத்துக்கு ஒரு இயந்திரம். மாமனாரின் இடது முன்கையில் இரண்டு ஊசிகளைக் குத்தி நர்ஸ் பிளாஸ்திரி ஒட்டினாள். டாக்டர் பதினோரு மணிக்குத்தான் வருவார். மருமகள் பிளாஸ்டிக் நாற்காலியில் லேப்டாப்பை மடியில் வைத்து டயர் கணக்கைத் திறந்தாள்.

அரை மணி நேரம் கழித்து அவர் கூப்பிட்டார்.

“அந்தப் பேப்பரைக் குடும்மா. எவ்வளவு நேரம்தான் மேலயே பாத்துட்டிருக்குறது?”

கொடுத்தாள். அவர் அதை வயிற்றின்மேல் வைத்து, வலது கை விரலால் வரிசை வரிசையாகத் தொட்டுக்கொண்டே வந்தார். உதடு அசைந்தது. ஒரு இடத்தில் நின்றது. மறுபடி மேலே போனார். மறுபடி வந்தார்.

“இந்த மொத்தம்ங்கிறது எதோட மொத்தம்?”

“காலை, மதியம், சாயங்காலம். மூணும் சேத்து மாமா.”

“முந்நூத்தம்பது, இருநூத்தம்பது, அறுநூறு. எவ்வளவு?”

“ஆயிரத்து இருநூறு” என்றாள் அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“இங்க தொள்ளாயிரத்தம்பதுன்னு போட்டிருக்கே.”

“வேற வரிசையைப் பாத்திருப்பீங்க.”

“அடுத்த வரிசை. முந்நூறு, இருநூத்தம்பது, அறுநூத்தம்பது. இதுவும் ஆயிரத்து இருநூறு. இங்கயும் தொள்ளாயிரத்தம்பது. ரெண்டுலயும் இருநூத்தம்பது உதைக்குது.”

அவள் எழுந்து வந்து தாளை வாங்கினாள். கையில் போன் இருந்தும் கால்குலேட்டரைத் திறக்கவில்லை, மனக்கணக்கே போதுமாக இருந்தது. நின்ற இடத்திலேயே ஆறு வரிசைகளைக் கூட்டினாள். ஆறும் தப்பு.

நாற்காலிக்குப் போய் டயர் கணக்கை மூடிவிட்டு வீட்டுத் தாளைத் திறந்தாள். அடுத்தவர் தாளைப் பார்ப்பதுபோலவே ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மொத்தம் என்ற கட்டத்திலிருந்த சூத்திரம் காலையில் தொடங்கி மாலையில் முடிந்தது, மதியம் அதற்குள்ளேதான் இருந்தது. மறைத்துவைத்த பத்தி எதுவும் இல்லை. தானாகக் கணக்கிடும் வசதி அணைந்திருக்கிறதா என்று பார்த்தாள். அணையவில்லை. காலைக் கட்டத்தில் 350ஐ 400 ஆக்கினாள். மொத்தம் உடனே ஐம்பது ஏறியது. பழையபடி மாற்றினாள். மதியக் கட்டத்தில் 250ஐ 500 ஆக்கினாள்.

மொத்தம் அசையவில்லை.

5000 என்று போட்டாள். ஐந்து லிட்டர். மொத்தம் தொள்ளாயிரத்தைம்பதிலேயே நின்றது.

அதற்குமேல் தேட வேண்டியிருக்கவில்லை. மதியம் என்ற பத்தியை அவள் குறிப்புப் பத்தியை ஒட்டிச் செருகியிருந்தாள். குறிப்பில் எழுதுவது வார்த்தைகள் என்பதால் அந்தப் பத்தியை ‘எழுத்து’ வகையாக அவளே அமைத்திருந்தாள். புதுப் பத்தி பக்கத்துப் பத்தியின் குணத்தை எடுத்துக்கொண்டது. நாத்தனார் போட்ட ஒவ்வொரு 250உம் தாளைப் பொறுத்தவரை எண்ணே இல்லை, ‘வாந்தி’ மாதிரி ஒரு சொல். கூட்டல் சூத்திரம் சொற்களைத் தாண்டிப் போய்விடும். சாதாரணமாக எண்கள் கட்டத்தின் வலப்பக்கமும் சொற்கள் இடப்பக்கமும் ஒதுங்கி நிற்கும், பார்த்தாலே தெரியும். பார்வையாக இருக்கட்டும் என்று அவள் எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தியிருந்தாள். இந்த மாதிரிக் கட்டங்களின் மூலையில் ஒரு பச்சை முக்கோணம் வந்து எச்சரிக்கும். கண்ணை உறுத்துகிறது என்று அதையும் அணைத்துவைத்திருந்தாள்.

பணிமனையில் யாராவது இப்படிச் செய்திருந்தால் என்ன சொல்லித் திட்டியிருப்பாள் என்று அவளுக்குத் தெரியும்.

ஆனால் அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது, அது மெதுவாகத்தான் அவளுக்கு உறைத்தது. மொத்தம் குறைந்தால் மிச்சம் கூடும். ஒவ்வொரு சாயங்காலமும் அவள் மிச்சத்தைப் பார்த்தாள். அறுநூற்றைம்பது இருந்தது. மதியத்தில் அண்ணி கொஞ்சமாகத்தான் கொடுத்திருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டு, அறுநூறு கொடுத்தாள். டீயை ஒரு தம்ளருக்கு ஒன்றரைத் தம்ளராக்கினாள். “இன்னும் பாக்கி இருக்கு மாமா, குடிங்க” என்று எத்தனை நாள் சொல்லியிருக்கிறாள். தாளில் இல்லாத அந்தத் தண்ணீர் குழாயிலிருந்து வரவில்லை. அவள் கையிலிருந்துதான் வந்தது.

எழுத்தை எண்ணாக ஒரேயடியாக மாற்றும் வழி அவளுக்குத் தெரியும். மாற்றினாள். மொத்தப் பத்தி மேலிருந்து கீழ்வரை சிவந்தது. நடுவில் பன்னிரண்டு நாள் மட்டும் வெள்ளையாக இருந்தது. நாத்தனார் வராத பன்னிரண்டு நாள்.

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

“என்ன, ரத்தமா இருக்கு?”

“மாமா, நீங்க குடிக்கவே இல்ல.”

“அது எனக்குத் தெரியும்மா.”

இயந்திரம் ஒருமுறை கீச்சென்றது. நர்ஸ் வந்து எதையோ அமுக்கிவிட்டுப் போனாள்.

“அப்புறம் ஏன் குடிச்சேன்னு சொன்னீங்க?”

“எம் பொண்ணு வீட்டுக்கு வரணும்ல.” அவர் தாளை மடித்து அவளிடம் நீட்டினார். “நான் குடிக்கலன்னு எனக்குத் தெரியும்ல, அப்ப அவதான் குடுத்துட்டு மறைக்கிறாளோன்னு எனக்கே ஒருநாள் சந்தேகம் வந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா ஜாஸ்தியா ஊத்துறாளோன்னு தம்ளரைத் தூக்கித் தூக்கிப் பாத்தேன். உன் எக்செல்லு என்னையும் கெடுத்துடுச்சு.”

“நான் பாத்ரூம்ல...” என்று தொடங்கியவளுக்கு வாக்கியம் முடியவில்லை. அவர் ஊசி குத்தாத கையை லேசாக ஆட்டினார். போதும் என்பதற்கா, பரவாயில்லை என்பதற்கா என்று அவளுக்குப் புரியவில்லை.

பதினோரு மணிக்கு டாக்டர் வந்தார். இனி எண்ணூறு மில்லிதான் என்று சொல்லத் தீர்மானித்துவிட்டு வந்திருந்தார். அவள் நின்றுகொண்டே, எதையும் மழுப்பாமல், எங்கே தப்பு, யாருடைய தப்பு என்று சொன்னாள். டாக்டர் தாளையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். “சரி, ஆயிரமே இருக்கட்டும். நல்லவேளை, இப்பவாவது பாத்தீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார்.

மறுநாள் சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு அவள் கண்ணாடிக் கடைக்குப் போனாள். நாத்தனார் ஒரு பெரியவரின் மூக்கில் சட்டத்தை மாட்டி, காதுக்குப் பின்னால் கம்பி அழுத்துகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் முகம் மாறவில்லை. பெரியவரின் கம்பியை வெந்நீரில் காட்டி வளைத்தாள், மாட்டினாள், கழற்றினாள், மறுபடி வளைத்தாள். அவர் போக இருபது நிமிடம் ஆனது.

“அண்ணி, தப்பு என்னுது” என்றாள் இவள். அச்சிட்ட தாளைக் கண்ணாடிப் பெட்டிமேல் விரித்து, மதியப் பத்தியைக் காட்டினாள். நாத்தனார் கடைசிவரை கேட்டாள்.

“ஆக, நான் எழுதுனதையெல்லாம் அது ஒரு கணக்காவே எடுத்துக்கல.”

“ஆமா அண்ணி.”

“நீயும்தான் எடுத்துக்கல. இருநூத்தம்பதுன்னு கண்ணு முன்னாடி இருக்கு. பக்கத்துல வந்த டோட்டலை நம்புனே. நான் சொன்னதை நம்பல.”

வாசலில் அடுத்த ஆள் வந்து நின்றார்.

“அப்பா குடிச்சேன்னு சொன்னப்போ நான் அழுதேன் தெரியுமா?” என்றாள் நாத்தனார், குரலைத் தாழ்த்தி. “என்கிட்டகூட மறைச்சுட்டாரேன்னு. வீட்டுக்குப் போ. ஆள் நிக்கிறாங்க.”

அன்று மாலை ஆறு மணிக்கு அவள் தாளைத் திறந்தபோது மிச்சம் நானூறு காட்டியது. முதலில் அலமாரியைத் திறந்து குவளையைக் குளியலறையில் திரும்ப வைத்தாள். வாஷ்பேசின் வால்வைத் திறந்தாள். பிறகு மாமனார் முன்னால் போய் நின்றாள்.

“இனிமே சாயங்காலம் நானூறுதான் மாமா. முன்ன மாதிரி அறுநூறு கிடையாது.”

“தப்புக் கணக்கே தேவலையா இருந்துச்சே” என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே கண்ணும் கலங்கியது. அதைக் காட்டாமல் இருக்க நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இத்தனை மாதமாகக் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

“ஆயிரத்தை எப்படிப் பிரிச்சுக் குடுத்தா உங்களுக்கு வசதி?”

அவர் லிஃப்ட் பழுதைப் பார்க்கப் போனவர்போல நெற்றியைச் சுருக்கினார். காலையில் மாத்திரை அதிகம், அதில் கை வைக்க முடியாது. மதியச் சாப்பாட்டோடு தண்ணீரே வேண்டாம், சாப்பிட்டபின் அரைத் தம்ளர் போதும். சாயங்கால டீ சின்னதாக இருக்கட்டும். ஆனால் படுக்கப் போகும் முன் நூற்றைம்பது மில்லி பச்சைத் தண்ணீர், ஜில்லென்று, ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். அளந்து அளந்து உறிஞ்சி அவருக்கு அலுத்துப்போயிருந்தது. அவள் எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டாள்.

அதற்கடுத்த புதன்கிழமை எடை ஒன்று நானூறு ஏறியிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை ஒன்றரை. கால் முறுக்கவில்லை. நாத்தனார் மதியம் தவறாமல் வந்தாள், அளந்தாள், எழுதினாள். தம்பி மனைவியிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். ஒன்றரை மாதம் கழித்து ஒருநாள், சாயங்காலம் இவள் வரும்வரை இருந்து, “சோப்பு தீர்ந்துபோச்சு, வாங்கி வெச்சிருக்கேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.